ஒரு லட்சம் ரூபாய், பத்தடி அறை, அறுபது முட்டைத் தட்டு

வந்த கேள்வி: "அண்ணை, திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் 10க்கு 10 அடி அறை ஒன்று சும்மா கிடக்கிறது. நான் கிட்டார் வாசிப்பேன், தங்கச்சி பாடுவாள். கையில் ஒரு லட்சம் இருக்கிறது. நல்ல கொண்டென்சர் மைக் ஒன்று வாங்கி, சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டினால் ஸ்டூடியோ சரிதானே? தட்டு அறுபது சேர்த்துவிட்டேன்."

2024 மே 11, இரவு 9.20

சரிவராது தம்பி. அந்த அறுபது தட்டையும் முட்டைக் கடைக்காரருக்கே திருப்பிக் கொடு. அவருக்காவது உதவும்.

2012இல் நானும் ஒட்டினேன். தொண்ணூறு தட்டு, மூன்று டப்பா பசை, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. ஒட்டி முடித்துக் கதவைச் சாத்திக் கைதட்டிப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். அம்மா கேட்டார்: "ஏன்டா மேலே தனியாக இருந்து கைதட்டுகிறாய்?"

அதுதான் விஷயம். சத்தம் வெளியே போகாமலும் உள்ளே வராமலும் தடுக்கப் பாரம் வேண்டும். செங்கல், கொங்கிரீட், இடுக்கு இல்லாத தடித்த கதவு. கடதாசிக் கூழில் செய்த தட்டில் பாரம் எங்கே? அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமா என்றால், 'ஸ்ஸ்', 'ச்ச்' போன்ற மேல் ஒலிகளைக் கொஞ்சம் உறிஞ்சும். 100 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு நூறு முறை அதிரும் கீழ் ஒலிக்கு அலைநீளமே மூன்றரை மீட்டர். நாலைந்து சென்டிமீட்டர் தட்டு அதன் வழியில் நின்று என்ன செய்யும்? ஆக, மேலே உள்ளது குறைந்து கீழே உள்ளது அப்படியே இருக்கும். பாடுகிற குரல் பானைக்குள் இருந்து வருவது போல இருக்கும்.

மூன்றாம் மாதம் தட்டுகளுக்குப் பின்னால் கரப்பான் குடியேறியது. கழற்றும்போது சுவர்ப் பூச்சும் சேர்ந்து வந்தது. அதோடு கடதாசி, வயர், சூடு மூன்றும் ஒரே அறையில் இருப்பது நல்லதில்லை. தீப்பிடித்தால் அந்தத் தட்டு நிமிடத்தில் எரியும்.

2024 மே 11, இரவு 11 மணி

காசு விஷயம் எழுதாமல் படுத்தால் நித்திரை வராது போலிருக்கிறது.

லப்டொப் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் தேவையானவை ஓடியோ இன்டர்ஃபேஸ், மைக், காதை முழுக்க மூடும் ஹெட்போன், மைக் ஸ்டாண்ட், எக்ஸ்எல்ஆர் எனப்படும் மூன்று முனை மைக் வயர். இன்டர்ஃபேஸ் என்பது மைக்கில் வரும் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கி, எண்ணாக மாற்றி, யூஎஸ்பி வழியாகக் கணினிக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி. ஸ்கார்லெட் சோலோ மாதிரி ஒரு மைக்கும் ஒரு கிட்டாரும் செருகக்கூடியது உனக்குப் போதும். கொண்டென்சர் வாங்குவதென்றால் 48 வோல்ட் பொத்தான் இருக்கிறதா என்று பார். கொண்டென்சருக்கு வேண்டிய மின்சாரம் மைக் வயர் வழியாகவே போகிறது. பெட்டியில் 'ஸ்டூடியோ' என்று தங்க எழுத்தில் அச்சடித்து, ஃபோனில் செருகும் ஜக்கோடு விற்கும் மைக் வேறு சாதி. அதன் பக்கம் போகாதே.

மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் ஒரு குறையும் இல்லாமல் பாவித்துப் பார்க்கலாம், பிறகு தனியாளுக்கான உரிமம் 60 அமெரிக்க டொலர். ஓடசிட்டி இலவசம். ஒரு குரலைப் பதிந்து வெட்டி ஒட்ட அதுவே போதும். பாட்டைப் பல தடங்களாக அடுக்கத் தொடங்கினால் ரீப்பர் சுகம்.

ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். காரணம் பிறகு.

2024 மே 12

ஒன்றை விட்டுவிட்டேன். கடைப்பக்கம் போக முன்னம் அந்த அறையின் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, அதில் ஃபோனை வைத்துப் பதிவைத் தொடக்கிவிட்டு வெளியே வா. பத்து நிமிடம். காலை, மத்தியானம், பின்னேரம், இராத்திரி என்று நாலு முறை. என்னென்ன கேட்கிறது என்று எழுதி அனுப்பு.

2024 மே 19

தம்பியின் பட்டியல் வந்தது. இப்படி ஒரு பட்டியலை நான் 2012இல் எழுதியிருந்தால் தொண்ணூறு தட்டு மிச்சம்.

சீலிங் ஃபேனின் 'டிக் டிக்'. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர். காகம். சீனக்குடாவில் இருந்து எழும் பயிற்சி விமானம். கோயில் மணி. விடிய முன்னம் பாங்கு. தெருநாய். காலையும் பின்னேரமும் மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோ. கடைசியில் "என்னவென்று தெரியாத ஒரு முனகல்" என்று எழுதியிருக்கிறான். அந்த முனகலுக்கு வேறொரு நாள் வருகிறேன்.

பாண் ஓட்டோவைப் பற்றி ஒரு சொல். அதில் ஒலிக்கும், பீத்தோவன் பியானோவுக்கு எழுதிய அந்த மெட்டை நம் நாட்டுப் பிள்ளைகள் பசியோடு சேர்த்துத்தான் அறிவார்கள். என்னுடைய பழைய பதிவு ஒன்றில், மோகனத்தில் வீணை போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாவது நிமிடத்தில் பீத்தோவன் நுழைகிறார், சுருதி சேராமல். வீணைக்காரர் நிறுத்தவில்லை. ஆனால் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இந்தப் பட்டியலில் ஃபேனையும் மோட்டரையும் நீ நிறுத்தலாம். மற்றவை ஊரின் சொத்து. நேரத்தை மாற்றித்தான் தப்ப வேண்டும். என் கணக்கில் நம் ஊரில் இரண்டு இடைவெளிதான் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே சரியும் ஒன்றரையில் இருந்து மூன்று வரை. அல்லது இரவு பதினொன்றுக்குப் பிறகு. மத்தியானம் என்றால் இப்போது சுடுகாற்று வீசும் கச்சான் காலம். ஃபேனை நிறுத்திய பத்தாவது நிமிடத்தில் கிட்டார்த் தந்தி வியர்வையில் வழுக்கும். இரண்டு பாட்டு, ஃபேன் பத்து நிமிடம், மறுபடி இரண்டு பாட்டு. அப்படித்தான் நான் செய்கிறேன். சேர்ட் போடுவதில்லை.

2024 மே 27

முதல் நாள் கொண்டென்சர் வாங்குவதற்கு வழி சொன்னேன். அதைத் திருப்பி எடுக்கிறேன். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு உனக்குக் கொண்டென்சர் வேண்டாம்.

கொண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும். நல்ல அறை என்றால் அது வரம். உன் அறையிலோ மோட்டரையும் நாயையும் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் தங்கச்சியின் குரலையும் ஒரே மரியாதையோடு கேட்கும். நான் முதலில் வாங்கியது கொண்டென்சர்தான். குசினியில் பிரஷர் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று பதிவைப் போட்டே எண்ணலாம். டைனமிக் மைக் ஒன்று வாங்கு. தூரத்துச் சத்தத்தை அது எடுக்காது, 48 வோல்ட்டும் தேவையில்லை, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும்.

2024 ஜூன் 3

"தூரத்துச் சத்தத்தை எடுக்காது" என்று எழுதியது பாதிப் பொய். மட்டக்களப்பில் இருந்து ஒருவர் பிடித்துவிட்டார். அவர் சொல்வது சரி.

டைனமிக் மைக்குக்குக் கிட்டச் சத்தம் எது, தூரச் சத்தம் எது என்று தெரியாது. உணர்திறன் குறைவு என்பதால் அதற்கு மிகக் கிட்டப் போய்ப் பாடுகிறோம். பலன் அந்தக் கிட்டத்தில் இருந்து வருகிறது. தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் ஏறும், அறைச் சத்தம் இருந்த இடத்தில் இருக்கும். நாற்பது சென்டிமீட்டரில் நின்றவள் பத்துக்கு வந்தால் 12 டெசிபெல் லாபம். கொண்டென்சரிலும் அதே கிட்டத்தில் பாடினால் லாபம் ஏறக்குறைய அதேதான்.

அப்படியென்றால் கொண்டென்சரே வாங்கலாமே என்று தம்பி உடனே கேட்பான். வேண்டாம். அவ்வளவு கிட்டப் போனால் கொண்டென்சர் மூச்சையும் எச்சிலையும் சேர்த்துப் பதியும். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் எந்த மைக்கிலும் கிட்டப் போகப் போகக் கீழ் ஒலி கூடும் என்பதையும் நினைவில் வை. குரல் அடைத்த மாதிரி இருந்தால் நாலு விரல் பின்னால் வரச் சொல்.

2024 ஜூன் 9

தம்பி எஸ்எம்58 ஒன்று "மலிவாக" வந்திருப்பதாகப் படம் அனுப்பினான். பக்கத்தில் திறந்து மூடும் பொத்தான் இருந்தது.

எஸ்எம்58 ஷூர் கம்பனி 1966இல் கொண்டுவந்த டைனமிக் மைக். உலகம் முழுக்க மேடையில் நிற்பது. அதனால் உலகம் முழுக்கப் போலியும் உண்டு. சாதாரண எஸ்எம்58இல் பொத்தான் கிடையாது. பொத்தான் உள்ள வகை ஒன்று தனியாக இருக்கிறது. அதன் பெட்டியிலும் மாதிரி எண்ணிலும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும். தம்பி அனுப்பிய படத்தில் தெரியவில்லை. மைக்கின் எடை ஏறக்குறைய 300 கிராம். நான் ஏமாந்தது எப்படிக் கண்டுபிடிபட்டது தெரியுமா? வாங்கி ஒரு மாதம் கழித்து, மனைவி பலகாரத்துக்கு மா நிறுக்கும் தராசில் விளையாட்டாக வைத்தேன். நம்ப முடியாத அளவுக்கு இலேசாக இருந்தது. விற்றவர் பெயரும் ஊரும் வேண்டாம். காசு திரும்பி வரவில்லை.

அசலுக்குக் காசு போதாவிட்டால் போலி அசலை வாங்காதே. தன் சொந்தப் பெயரில் வரும் மலிவு டைனமிக் வாங்கு.

பாவித்து முடித்ததும் மைக்கை மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பிடி அரிசியோடு போட்டு வை. கடற்காற்று பொல்லாதது.

2024 ஜூன் 22

முனகல். தம்பியின் அறை பத்துக்குப் பத்து. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒலி போய்வரும்போது குறிப்பிட்ட சில சுருதிகள் தங்களைத் தாங்களே பெருக்கிக்கொள்ளும். ஒலி வேகம் நம் வெக்கையில் வினாடிக்கு 349 மீட்டர் அளவு. பத்தடி 3.05 மீட்டர். வகுத்தால் 114 ஹேர்ட்ஸ். அந்த அறை அங்கேதான் முதலில் முனகும். நீளம், அகலம் இரண்டும் ஒன்றாக இருப்பதால் இரண்டு சுவர்ச் சோடியும் ஒரே சுருதியில் முனகும். உயரமும் பத்தடி என்றால் மூன்றும். பத்துக்குப் பன்னிரண்டு அறை இருந்தால் அதற்கு மாறு.

2024 ஜூன் 23

பிழை. போய்த் திரும்பும் தூரத்தால் வகுக்க வேண்டும், அதாவது 6.1 மீட்டர். விடை 57 ஹேர்ட்ஸ். நான் எழுதிய 114 அதன் இரட்டிப்பு. அதுவும் முனகும், ஆனால் இரண்டாவதாக. மூன்றாவது 172. ஒருவரும் பிடிக்கவில்லை. இரவு பல்லு விளக்கும்போது எனக்கே உதித்தது.

ஆனால் பிழையிலும் ஒரு பிரயோசனம். தம்பி, கிட்டாரின் ஐந்தாம் தந்தியில் முதல் பிரெட்டை அழுத்தி வாசி. அந்தச் சுரம் 116 ஹேர்ட்ஸ். பக்கத்துச் சுரங்களை விட அது மட்டும் உப்பிக் கேட்டால் அது கிட்டாரின் குற்றமில்லை, அறையின் குற்றம். அறையின் நடுவில் இருந்து ஒரு முழம் தள்ளிப் போய் மறுபடி வாசி. மாறும்.

2024 ஜூலை 6

கருவி வந்துவிட்டதாம். படம் அனுப்பினான். பழைய தும்பு மெத்தை இரண்டை நிமிர்த்தி வைத்திருக்கிறான், நல்ல காரியம். ஆனால் இரண்டையும் மைக்குக்குப் பின்னால் வைத்திருக்கிறான்.

எல்லாரும் விடுகிற பிழை இது. ஒரு பக்கம் கேட்கும் மைக் தன் முதுகுப் பக்கத்தைத்தான் மிகக் குறைவாகக் கேட்கும். மைக்கின் முகம் பாடுகிறவளைப் பார்க்கிறது, அவளுக்குப் பின்னால் உள்ள சுவரையும் சேர்த்துப் பார்க்கிறது. மெத்தை தங்கச்சியின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டையும் மூலையோடு ஒட்டி 'ட' மாதிரி நிறுத்தி, நடுவில் அவளை நிற்க வை. மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டால் இன்னும் கீழ் ஒலி வரை உறிஞ்சும்.

அம்மாவின் அலுமாரியை அந்த அறைக்கு ஏற்ற முடியுமா? கதவைத் திறந்து வைத்த அலுமாரியில் தொங்கும் நாற்பது சேலையை விட நல்ல உறிஞ்சியை இந்தக் காசுக்கு நான் கண்டதில்லை. கேட்டுப் பார். அடி விழுந்தால் நான் சொன்னதாகச் சொல்லாதே.

செலவுக் கணக்கும் அனுப்பியிருக்கிறான்: பழைய இன்டர்ஃபேஸ் 24,000, டைனமிக் மைக் 14,000, ஹெட்போன் 17,500, ஸ்டாண்டும் வயரும் 6,500. மொத்தம் 62,000. ரீப்பருக்கு 18,000 அளவு ஒதுக்கினாலும் கையில் இருபதாயிரம். மெத்தை இலவசம். அந்த இருபதாயிரத்தை இப்போதே செலவழிக்காதே.

2024 ஜூலை 20

"கிட்டார் கொஞ்சம் பிந்திக் கேட்கிறது, வாசிக்கவே முடியவில்லை."

பிந்துவது கணினி. ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் அது வேலை செய்யும். அந்தத் துண்டின் அளவு ரீப்பரின் அமைப்பில் இருக்கிறது. தம்பியுடையது 1024இல் கிடந்தது. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறது என்றால் 1024 அளவை என்பது 23 மில்லி வினாடி. ஒலி அந்த நேரத்தில் எட்டு மீட்டர் நடக்கும். அதாவது நீ உவர்மலை வீட்டின் ஒரு அறையில் வாசிக்க, உன் கிட்டார்ச் சத்தம் மறு அறையில் இருந்து வருகிறது. உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை என்று உண்மையில் அதை விடக் கூட. 128க்கு இறக்கினால் 2.9. காது கண்டுகொள்ளாது. 'பட் பட்' என்று வெடித்தால் லப்டொப்புக்குத் தாங்கவில்லை என்று அர்த்தம், 256க்கு ஏற்று. பதியும்போது சின்ன எண், பதிந்த தடங்களைச் சேர்த்துக் கலவை செய்யும்போது பெரிய எண்.

விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் செய்தவர்கள் தரும் ஏஸியோ டிரைவர் என்ற இணைப்பு மென்பொருளைப் போடு. அதைப் போடாமல் எந்த எண்ணை மாற்றியும் பெரிய பலன் இல்லை. இன்டர்ஃபேஸில் 'டிரெக்ட்' என்று பொத்தான் இருந்தால் அதை அழுத்து. கணினிக்குப் போகாமலே உன் சத்தம் உன் காதுக்கு வரும். இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம்.

2024 ஓகஸ்ட் 4

இன்று ஆடி அமாவாசை. ஒருவரும் பதிவு என்று ஆசைப்படாதீர்கள்.

2024 ஓகஸ்ட் 17

அடுத்த முனகல், அறையுடையது இல்லை. தம்பி அனுப்பிய பதிவில் கிட்டார் நிற்கும் இடத்தில் எல்லாம் 'ம்ம்ம்'. தந்தியைத் தொட்டால் குறைகிறதாம்.

கரண்ட். நம் நாட்டில் 50 ஹேர்ட்ஸ், அதோடு 100, 150 என்று அதன் பிள்ளைகளும். 50 ஹேர்ட்ஸ் என்பது ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, ஐந்தரைக்குக் கீழே. தங்கச்சி ஐந்தரைக் கட்டையில் பாடுகிறாள் என்றால், மின்சார சபை அவளுக்குச் சுருதி இறங்கிய தம்புரா ஒன்றை இலவசமாகப் போடுகிறது.

முதலில் லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பட்டரியில் ஓடவிட்டுப் பார். பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஃபேன் ரெகுலேட்டரையும் மங்கலாக்கும் சுவிட்ச் உள்ள லைட்டையும் அணை. கிட்டாரோடு திரும்பி நில். கிட்டாரின் ஒற்றைச் சுருள் பிக்கப் ஒரு திசையில் கூடவும் மறு திசையில் குறையவும் வாங்கும். மைக் வயரையும் கரண்ட் வயரையும் ஒன்றாகக் கட்டி வைக்காதே. குறுக்கே போக வேண்டும் என்றால் கூட்டல் குறி மாதிரி போகட்டும்.

வீட்டுச் சொக்கெட்டில் ஏர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார். பழைய வீடுகள் பலவற்றில் ஓட்டை மட்டும் இருக்கும், வயர் இருக்காது. இரைச்சல் போகும் என்று யாராவது ஏர்த் கம்பியை வெட்டச் சொன்னால் கேட்காதே. இரும்புத் தந்தியைத் தொட்டுக்கொண்டு இரும்பு மைக்கில் உதடு வைப்பவன் நீ. மிச்சமிருந்த இருபதாயிரத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

2024 செப்டெம்பர் 8

தங்கச்சியின் பதிவு வந்தது. கோணமலைத் தேவாரம். நல்ல குரல், பயம் இல்லாத குரல். இரண்டு முறை கேட்டேன், மூன்றாம் முறைதான் குறை தேடினேன்.

ஒன்று, மட்டம். உச்சம் ஏறும் இடமெல்லாம் சிவப்பில் இடித்து உடைந்திருக்கிறது. 24 பிட்டில் பதிகிறாய், மெல்லிய சத்தத்துக்குக் கீழே இடம் தாராளம். அவள் ஆகச் சத்தமாகப் பாடும் அடியைப் பாடச் சொல்லி, அது கழித்தல் 12 டெசிபெலில் நிற்கும் மாதிரி இன்டர்ஃபேஸின் குமிழைத் திருகு. ஆரம்ப அடியை வைத்துத் திருகுவதால்தான் இந்தக் கதி. உடைந்தது உடைந்ததுதான், மென்பொருள் ஒட்டினாலும் தழும்பு தெரியும்.

இரண்டு, 'ப'. தமிழ்ப் 'ப'வில் ஆங்கிலத்தில் உள்ளது போலக் காற்று வெடிப்பதில்லை. ஆனால் பக்தியில் அழுத்தினால் வெடிக்கும். பூத்தையல் போடும் வளையத்தில் பழைய நைலோன் காலுறையை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன் நிறுத்து. இல்லாவிட்டால் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வை.

மூன்று, சுருதி திருத்தும் செயலி. போட்டிருக்கிறாய், மறுக்காதே. அது பியானோவின் பன்னிரண்டு கட்டைக்குள் குரலைத் தள்ளும். கமகம் என்பதே அந்தக் கட்டைகளுக்கு நடுவில் நடக்கும் வேலை. அவள் அசைத்த இடமெல்லாம் படிக்கட்டு மாதிரிக் கேட்கிறது. எடுத்துவிடு. ஒரு இடத்தில் சுருதி விலகியிருந்தால் அந்த அடியை மட்டும் மறுபடி பாடச் சொல். ஃபோனில் சுருதிப் பெட்டி ஓடட்டும், ஹெட்போனில் மட்டும்.

மெட்ரொனோமும் வேண்டாம். விருத்தம் மாதிரி விரித்துப் பாடுகிறவளின் காதுக்குள் 'டிக் டிக்' போட்டால் பாட்டு அணிவகுப்பு ஆகிவிடும். கிட்டாரோடு சேர்ந்த பாட்டுக்குப் போடு.

பின்னணியில் மெல்லியதாக ஒரு இரைச்சல் கேட்கிறது, கடல் என்று நினைக்கிறேன். அதை வடிகட்ட வேண்டாம். அந்தப் பதிகத்திலும் கடல் இரைகிறது.

2024 ஒக்டோபர் 13

விஜயதசமி முடிந்து ஊர் அடங்கியது. இப்போது ஒரு மன்னிப்பு. "ஒரு மைக் செருகினால் போதும்" என்று மே மாதம் எழுதினேன். மிருதங்கம் வாசிக்கும் நண்பன் ஒருவன் வருவான் என்று யாருக்குத் தெரியும்? இன்னும் வாங்காதவர்கள் இரண்டு மைக் செருகும் பெட்டியாக வாங்குங்கள். விலை வித்தியாசம் பிறகு மாற்றும் செலவை விடக் குறைவு.

தம்பி இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம். ஒற்றை மைக் என்றால் வாசிப்பவருக்கு முன்னால் இரண்டடி தள்ளி, மிருதங்கத்தின் நடுவுக்கு நேரே, நெஞ்சு உயரத்தில் வை. சின்னத் தலையான வலந்தலையின் 'நம்', 'தின்' எப்படியும் வெட்டிக்கொண்டு வரும். மறுபக்கப் பெரிய தலையான தொப்பிதான் பின்தங்கும். அதனால் மைக்கைத் தொப்பிப் பக்கம் கொஞ்சம் திருப்பு. தொப்பிக்கு ரவை போட்டதும் பதியாதே, கொஞ்சம் வாசித்து அது படிந்த பிறகு பதி. காய்ந்தால் குரல் மாறும். ஃபேனுக்குக் கீழே சீக்கிரம் காயும் என்று நண்பனே சொல்லுவான்.

இரண்டு மைக் உள்ளவர்களுக்கு: இரண்டையும் இரண்டு தலைக்கும் வைத்துப் பதிந்த பிறகு, ஒன்றின் துருவத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தை, மென்பொருளில் தலைகீழாக்கிக் கேளுங்கள். எந்த நிலையில் தொப்பி வயிற்றில் இடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொத்தான்தான். இது தெரியாமல் இரண்டு வருடம் என் மிருதங்கப் பதிவெல்லாம் தகரடப்பா.

2024 ஒக்டோபர் 20

ஸ்பீக்கர் வேண்டாம் என்றதற்குக் காரணம் கேட்டிருந்தார்கள், பிறகு சொல்வதாக எழுதி மறந்தேன். 57இலும் 114இலும் முனகும் அறையில் ஸ்பீக்கர் வைத்துக் கலந்தால், அறை கூட்டிக் காட்டும் கீழ் ஒலியை நீ குறைப்பாய். வெளியே போட்டுக் கேட்டால் பாட்டு மெலிந்து இருக்கும். ஹெட்போனில் கலந்துவிட்டு ஃபோனில் கேள், மாமாவின் வான் வண்டியில் கேள், சந்தை இரைச்சலுக்குள் ஓட்டோவில் கேள். மூன்றிலும் பாட்டின் சொல் விளங்கினால் விடு.

2024 நவம்பர் 27

உயர்தரப் பரீட்சையையே ஒத்திவைத்த மழை. தம்பி வீட்டுக் கூரை சீற். மேல்மாடியில் தாச்சியில் கடலை வறுக்கிற சத்தம். இந்தக் கிழமை பாட்டு எழுது, கலவை செய், பதியாதே.

ஜூனில் அரிசி போடச் சொன்னேன். பெட்டியைத் திறந்து பார்த்தேன். மைக்கின் கம்பி வலையில் மெல்லிய தவிட்டுத் தூசி, பெட்டி முழுக்க வண்டு. அரிசி ஈரத்தைப் பெரிதாக இழுக்கவும் இல்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வருவதைச் சேர்த்தாலே போதும். நிறம் மாறும் வகை என்றால் மாறியதும் சூடாக்கி மறுபடி பாவிக்கலாம். ஜக்கின் முனையையும் துடைத்து வையுங்கள். உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் பச்சை பிடித்து 'கர கர' என்னும். என் பழைய கொண்டென்சர் இன்று மாரி ஈரத்தில் பொரிகிறது. டைனமிக் தன் பாட்டில் கிடக்கிறது.

அந்த வண்டு அரிசியை மனைவிக்குத் தெரியாமல் கோழிக்குப் போட்டேன்.

2024 டிசம்பர் 15

தம்பியும் தங்கச்சியும் முழுப் பாட்டு ஒன்றை முடித்து அனுப்பியிருக்கிறார்கள். சொந்த மெட்டு. இராத்திரி பதினொன்றரைக்குப் பதிந்ததாம், மழை விட்ட ஒரு இடைவெளியில். அலுமாரி மேலே ஏறியிருக்கிறது, அடி விழவில்லை என்று நினைக்கிறேன்.

கிட்டார் ஒரு அரிசிமணி அளவு குறைக்கலாம். இரண்டாம் சரணத்தில் அவள் மைக்கை விட்டுப் பின்வாங்கியிருக்கிறாள், கடைசிச் சொல் தேய்கிறது. அந்த அடியை மறுபடி பாடச் சொல்.

இரண்டு நிமிடம் பத்தாவது வினாடியில், பாட்டு ஒரு மூச்சு நிற்கும் இடத்தில், 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். முதலில் மென்பொருள் வெடிப்பு என்று நினைத்தேன். ஹெட்போனில் கேட்டால் பல்லி. வெட்டிவிடவா என்று தம்பி கேட்கிறான். ஒரு வினாடி வேலை, முன்னும் பின்னும் அமைதி இருக்கிறது, தடம் தெரியாமல் வெட்டலாம்.

அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அதற்கு முந்திய அடி என்ன என்று கேட்டார். "நாளைக்கு விடியும்" என்கிறது அந்த அடி. "பல்லி சொன்னதை வெட்டக் கூடாது" என்று எழுந்து போய்விட்டார்.

வெட்டாதே தம்பி. ஆனால் கிட்டாரைக் குறை.